நீங்கள் திரும்பிப் போகாத பூநகரி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களிடம் கேட்காமல் உங்கள் ஊருக்குப் போய் வந்துவிட்டேன். கோபிக்காதையுங்கோ. நீங்கள் இருந்திருந்தால், “அங்க என்ன இருக்கெண்டு போறாய்?” என்று கேட்டு மறித்திருப்பீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இனி யார் மறிப்பது?

ஜேர்மனியிலிருந்து உங்கள் தங்கச்சி வந்திருக்கிறா. மாமியோடு அவாவின் மகள் ஆரணியும் வந்தவள். பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்த பிள்ளை, தமிழை யோசித்து யோசித்துத்தான் கதைக்கிறாள். மூன்று பேருமாக வவுனியாவில் வான் பிடித்துப் புறப்பட்டோம். வழியெல்லாம் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த மாமி, பரந்தனில் பூநகரி வீதிக்குத் திரும்பியதும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

முதலில் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தீர்களே, அதே கோட்டை. மதில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. மிச்சமிருக்கும், கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லில் இப்போதும் கை வைத்தால் கீறுகிறது. அந்த மதிலில் ஏறிக் குதித்துத்தான் முன்பல் உடைந்தது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! மாமி மதிலைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினா.

“அவர் எங்க குதிச்சவர்? நான்தான் தள்ளி விட்டனான். ஐயாவிட்டச் சொன்னா எனக்கு அடி விழுமெண்டு, தான் குதிச்சதெண்டு பொய் சொன்னவர்.”

அறுபது வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினீர்களா, அப்பா? அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லையே.

கோட்டைக்குப் பின்னால் எங்கள் காணி. வீடு இல்லை, கிணற்றுக்கட்டு மட்டும் பற்றைக்குள் தெரிந்தது. அங்கே நின்றபோதுதான் ஆரணி கேட்டாள்: “மாமா ஏன் பிறகு ஒருநாளும் இஞ்ச வரேல்லை?”

நான்தான் சொன்னேன். கடைசிச் சண்டை இடப்பெயர்வில் அப்பப்பா தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றதையும், நீங்கள் அம்மாவையும் என்னையும் உழவு மெசினில் ஏற்றி ஸ்கந்தபுரத்தில் இறக்கிவிட்டு, “விடிய வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஐயாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்” என்று திரும்பி ஓடியதையும் சொன்னேன். பாதை அடைபட்டுப் பாதி வழியில் நீங்கள் திரும்பி வந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்ததென்று மட்டும் சொல்ல முடியவில்லை. பிறகு அப்பப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்கே, எப்போது, எப்படி என்று தெரியாமலே காலம் போனது. “பெத்த தகப்பனைத் தனிய விட்டிட்டு வந்தவன் நான்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னீர்கள்.

பின்னேரம் மண்ணித்தலைக்குப் போனோம். அந்தப் பழைய சிவன் கோயிலைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றா. சின்ன வயதில் ஐயாவோடு மாட்டுவண்டிலில் வந்த இடமாம். கோயிலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்க, வான் மணலில் புதைந்துவிட்டது. சாரதி என்ன செய்தும் சில்லு சுற்றியதே தவிர நகரவில்லை.

கரைப்பக்கமிருந்து ஒரு மனிதர் மண்வெட்டியோடு வந்தார். எழுபது வயதிருக்கும், கழுத்தில் செபமாலை. பெயர் அந்தோனிப்பிள்ளை என்றார். மணலை வெட்டி எறிந்தபடியே, வழக்கம்போல, “நீங்கள் ஆற்ற ஆக்கள்?” என்று கேட்டார்.

“கோட்டையடி வேலுப்பிள்ளையற்ற மகள்” என்றா மாமி.

அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி,” என்றார், “ஐயா எங்கட வீட்டிலதான் கண்ணை மூடினவர். உங்களுக்குத் தெரியாதோ?”

அப்பா, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இடம்பெயர்ந்த இரண்டாம் நாள் அவர் கோட்டையடிப் பக்கம் போயிருக்கிறார். அப்பப்பா படலையில் தனியே நிற்பதைக் கண்டு, சைக்கிளில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரின் மனுசி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவா. மூன்று கிழமை இருந்தவராம். பிறகு காய்ச்சல் கண்டு, ஐப்பசிப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் காலமை, அந்த மனுசி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சரிந்தவர் எழும்பவில்லை.

“நிலவு காலத்தில நாங்கள் வலைக்குப் போறேல்லை. வீட்டில இருந்தனான், அதால நாள் நல்ல ஞாபகம்” என்றார். “புதைப்பம் எண்டு மனுசி சொன்னா. நான், ஐயா சைவக்காரர், எரிக்கத்தான் வேணும் எண்டு சொல்லிப்போட்டன். பனங்குத்தி அடுக்கி நான்தான் கொள்ளி வைச்சனான். தேவாரம் தெரியாது. தெரிஞ்ச செபத்தைச் சொன்னன். பிழையெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அடுத்த கிழமையே அவர்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே முகாமில் இருந்து, போன வருடம்தான் திரும்பியிருக்கிறார்கள். கோட்டையடியில் உங்களை விசாரித்தாராம். யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் வவுனியாவில் இருந்தோமே, அப்பா. அவர் வந்தபோது நீங்களும் இல்லை.

மாமி மண்வெட்டி பிடித்த அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் ஒன்றைத்தான் கேட்டேன். “அப்பாவைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“ஒவ்வொரு நாளும் பாதையைப் பாத்துக்கொண்டு இருப்பார், பிள்ளை. மகன் வருவான் எண்டு பாக்கிறியளோ எண்டு ஒருநாள் கேட்டன். ‘இல்லையடாப்பா, அவன் வந்திடப்போறான் எண்டு பயந்துகொண்டு இருக்கிறன். அவன் பிள்ளையோட போகட்டும். இஞ்ச வரக்கூடாதெண்டு கும்பிடுறன்’ எண்டவர்.”

ஆரணி தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. இதை உங்களிடம் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்ற யோசனைதான் எனக்கு.

நாள் தெரியாததால் அப்பப்பாவுக்கு ஒரு திதி செய்ய உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வாற ஐப்பசியில், பௌர்ணமிக்கு அடுத்த நாள், அந்தக் கரையில் நானே செய்வேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை பக்கத்தில் நிற்க ஒத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் இனிப் பயப்பிடாமல் உங்கள் ஐயாவிடம் போங்கோ, அப்பா. நீங்கள் திரும்பி வராமல் விட்டது அவர் கேட்ட வரம்.

அன்று உழவு மெசினில் உங்கள் மடியில் இருந்து வந்த பிள்ளை,
உங்கள் மகள்
வதனி