தசம் நான்கு மில்லிமீற்றர்

வெள்ளவத்தை,
11.03.1998

கிளெமென்ற் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உம்முடைய அம்மா சுகமாய் இருக்கிறா, அதை மட்டும் எழுதுகிறேன். போன ஞாயிறு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, மகனின் கட்டுரை லண்டனில் அச்சாகியிருக்கிறது என்று ஒரு பிரதி தந்துவிட்டுப் போனா. பாவம், அவவுக்கு ஒன்றும் தெரியாது.

வாசித்தேன். நாற்பத்தாறு காதுகள். சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்று நடுக்காதின் எலும்புகள் ஒவ்வொன்றாய் நான் அளந்த அளவுகள். ஆய்வுகூடத்தில், அரிசிமணியளவும் வராத ஏந்தி எலும்பை மூச்சு விடாமல் பிடித்து அளந்தவள் நான். நான் சொல்லச் சொல்ல நீர் உம்முடைய கொப்பியிலும் எழுதினீர். குண்டு வெடிப்பில் எலும்பு விலகிக் காதின் கேள்வி போனவர்களுக்கு, எங்கள் ஆட்களின் அளவிலேயே மாற்று எலும்பு வைக்கலாம் என்று எவ்வளவு கதைத்தோம்! கட்டுரையில் உம்முடைய பெயர் மட்டும். சீ!

அதைக்கூடப் பொறுப்பேன். சோதனைச் சாவடியில் என் கொப்பியைப் பிடித்து, இந்த இலக்கங்கள் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். காது எலும்பு என்றேன், சிரித்தார்கள். உம்மிடம் விசாரிக்கச் சொன்னேன். நீர் பொலிசுக்கு வந்தீர். அடுத்த அறையில் நான் இருந்தேன், ஐசே. "தன்னே நே, சேர்" என்று சிங்களத்தில் சொன்னீர். என்னைத் தெரியாதாம்! மூன்று நாளில் உமக்கு விமானம், பயந்திருப்பீர். நானும் தமிழ்தான், நானும் பயந்தேன். எங்கள் பேராசிரியர் வந்து சொல்லி என்னை விடுவிக்கப் பத்தொன்பது நாளாயிற்று. கொப்பி இன்னும் அவர்களிடம்தான்.

இனிக் கவனமாய் வாசியும். அன்று கொப்பியை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனேன் தெரியுமா? அளக்கும் இடுக்கியை மூடிப் பார்த்தேன். பூச்சியத்தில் நிற்காமல் தசம் நான்கு மில்லிமீற்றர், கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர், கூடக் காட்டியது. எல்லா அளவிலும் அதைக் கழிக்க இருந்தேன். உமக்குச் சொல்லுமுன் பிடிபட்டேன். நீர் பிழையோடேயே அச்சடித்திருக்கிறீர். அதை நம்பி ஒரு டொக்டர் மாற்று எலும்பு வைத்தால், நீளம் கூடி உள்காதில் குத்தும். இருக்கிற கொஞ்சக் கேள்வியும் போய்விடும்.

உடனே திருத்தம் எழுதும். என் பெயரைப் போடாவிட்டால் போகட்டும். ஆனால் இந்தப் பிழை உமக்கு எப்படித் தெரியவந்தது, அளந்தது யார் என்று அங்கே கேட்பார்கள்.

நீர் கும்பிடும் அந்தோனியார் உமக்குத் துணிவு தரட்டும். இந்தமுறையும் தெரியாது என்று சொல்லாதேயும்.

இப்படிக்கு,
நீர் அக்கா என்று கூப்பிட்ட
ஜெகதீஸ்வரி