வாய் வைக்காத குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு, நோயெலியாவின் வணக்கம். பரிலோச்சேயில் பனி கொட்டுகிறது, நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் நான் காய்ச்சிய முதல் பீர் வாளியில் நொதித்து முடிந்தது. அதைப் பீப்பாய்க்கு மாற்றும்போது எங்கள் ஓட்டல் சமையற்காரர் அன்செல்மோ, குழாயை வாயால் உறிஞ்சி இழுத்துவிட வந்தார். தடுத்தேன்.

"ஊரே ஒத்தக் குழல்ல மாத்தே டீ உறிஞ்சுது. இதுல மட்டும் என்ன தீட்டுப் பாக்குற?"

"அது சுடுதண்ணிண்ணே. இதுல உங்க எச்சில் பட்டா புளிச்சுப்போகும். கையை எடுங்க!"

கொதித்து ஆறிய நீரைக் குழாயில் நிரப்பி, ஒரு முனையை வாளிக்குள் விட்டு மறுமுனையைக் கீழே சாய்த்தேன். தண்ணீர் வெளியே போய் பீர் வந்ததும் அந்த முனையைப் பீப்பாயின் அடிவரை இறக்கினேன். சலசலத்தால் காற்று கலந்து ருசி கெட்டுவிடும். சத்தமில்லாமல் நிறைந்தது. அடிவண்டலை வாளியிலேயே விட்டுவிட்டேன்.

"பொம்பளைக்கு இவ்வளவு திமிரா!" என்று போனவர், நேற்று மூன்றாவது கோப்பைக்கு வந்து நின்றார். முதலில் குழாயைக் கழுவுங்கள் என்றேன். கழுவினார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூடவே நீங்கள் மாத்தே குடிக்கும் பழைய குழலையும். வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
நோயெலியா

அந்தக் குழலைக் கழுவ வேண்டாம், அப்பா.