கோட்டின் மேல் ஒரு கால்

மார்ச் 3

மணமில்லாத சோப்பு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, தைலம் அறவே கூடாது. மருமகளின் கட்டளை. அவள் ஈக்களை ஆராய்கிறவள். நாளை முதல் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் தினமும் அரைநாள் உட்கார்ந்து, ஈக்கள் நடப்பதைத் திரையில் பார்த்து நான் குறிக்க வேண்டும். வானிலை நிலையத்தில் வேலைக்காலம் முழுவதும் அண்ணாந்து பார்த்து, எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதிவந்தவன். அதனால் இது எனக்குச் சரிப்படும் என்று நினைக்கிறாள். ஐந்தா ஆறா என்று நான் எத்தனை காலைகள் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மனைவி சொன்னாள்: "இவ்வளவு நாளா வீட்ல ஈ ஓட்டினது போதலையா? இனிமே பஸ் புடிச்சுப் போய் ஓட்டணுமா?"

மார்ச் 4

முதன்முதலாக அவற்றை அருகில் பார்த்தேன். நீலமும் பச்சையும் கலந்த உலோகப் பளபளப்பு, செங்கல் நிறக் கண்கள். அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வரவில்லை.

இதன் உறவுக்கார ஈக்கள் செத்த உடலில் முட்டையிடும். இது உயிருள்ள விலங்கின் புண்ணில் மட்டும் இடும். மாட்டின் உடம்பில் ஒரு சின்னக் கீறல் போதும். புழுக்கள் உள்ளே போய்விடும், கவனிக்காவிட்டால் மாடு போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. வித்தியாசம் முக்கியமாக மூக்கில்தான் என்கிறாள் மருமகள். மூக்கு என்பது முகத்தின் நடுவில் இருக்கும் இரண்டு குட்டைக் கொம்புகள்.

அந்த மூக்குக்கு வேண்டிய ஒரு மரபணுவைச் சில ஈக்களில் அவள் உடைத்திருக்கிறாள். உடைந்தவை புண்ணைக் கண்டுபிடிக்காமல் திண்டாடும் என்பது அவள் எதிர்பார்ப்பு. எது உடைந்தது, எது முழுசு என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பச்சை விளக்கின் கீழே வைத்தால் உடைந்தவை மட்டும் சிவப்பாக ஒளிரும். அந்த அறைக்குள் நான் போகக் கூடாது. "தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா கண்ணு பொய் சொல்லும் மாமா. அதான் நானே குறிக்கல" என்றாள்.

ஏப்ரல் முடிவதற்குள் தெளிவாக ஏதாவது காட்டாவிட்டால் ஈ அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அவருடைய புருவங்கள் இரண்டு மீசைகள் போல இருப்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் 'புருவம்'. ஐந்து வருட உழைப்பு. இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் இருந்த சோதனைக் குழாயை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6

வேலை பிடிபட்டுவிட்டது. பறக்க முடியாத அளவுக்குத் தாழ்வான ஒரு கண்ணாடிச் சுரங்கம். அதன் கோடியில் துணி மூடிய இரண்டு தட்டுகள், இரண்டும் உடல் சூட்டில். ஒன்றில் புதிய ரத்தம், மற்றதில் அழுகியது. எதில் எது என்பதும் எனக்குத் தெரியாது. முட்டை நிறைந்த ஒரு பெண் ஈயை இந்தக் கோடியில் விடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் தட்டைச் சுற்றியுள்ள கோட்டைத் தாண்டினால் 'இடது' அல்லது 'வலது'. இல்லாவிட்டால் 'வரவில்லை'. அவ்வளவுதான். மேகத்தைவிட எளிது.

மார்ச் 12

காற்றில் கரைந்துவரும் ஒரு செய்தியை, கடுகளவு தலையை வைத்துக்கொண்டு, நடந்துகொண்டே படிக்கின்றன இந்த ஈக்கள். மழை வாசனை வந்த பிறகும் மழைமானியைப் பார்த்துத்தான் மழை என்று நம்பியவன் நான்.

மார்ச் 13

மனைவி ஓர் ஈயை அடிக்கச் செய்தித்தாளைச் சுருட்டினாள். "வேண்டாமே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மார்ச் 19

இரண்டு வகை நடை இருக்கிறது. இன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சில ஈக்கள் விட்டதும் நேரே போய்த் தட்டில் ஏறுகின்றன. சில பாதியில் நிற்கின்றன. முன்னங்கால்களைத் தூக்கிக் கொம்புகளைத் துடைக்கின்றன. இரண்டு எட்டு பின்வாங்கி, திரும்பி, மறுபடி வந்து நிற்கின்றன. பாவம், இவைதான் உடைந்தவையாக இருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் தவிக்கின்றன.

எனக்குத் தோன்றுவது எதற்கு? நான் குறிக்க வந்தவன்.

மார்ச் 26

இன்று ஒன்று நின்று நின்று வந்தது. நேரம் முடியும்போது ஒரே ஒரு கால் கோட்டின் மேல் இருந்தது. தாண்டியதா, இல்லையா? 'வரவில்லை' என்று எழுதினேன்.

அரைமணி நேரம் கழித்து இன்னொன்று. நேரே வந்தது, வழுக்கியது, நேரம் முடியும்போது ஒரு கால் கோட்டின் மேல். அதே இடம். 'வலது' என்று எழுதினேன்.

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். இரண்டு வரியையும் திரும்பப் படித்தேன்.

மார்ச் 27

அவ ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசைதான் எழுதியிருக்கு, நான் எழுதல. எத்தனை நாளா இப்படி? நேத்து ஒண்ணு, கண்ணுல பட்டுது. கண்ணுல படாம எத்தனை?

சொன்னா இவ்வளவு நாள் வேலையும் குப்பை. சொல்லாட்டி — சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கறதுதான் பயமா இருக்கு.

ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மார்ச் 28

சொல்லிவிட்டேன். கூண்டு கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"எத்தனை நாளா மாமா?"

"பத்து நாளா இருக்கலாம். சரியாச் சொல்ல முடியலம்மா."

"நடையை வச்சே தெரியுதா உங்களுக்கு?"

"தெரியற மாதிரி இருக்கு."

கழுவிய கூண்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "கோவமில்ல மாமா. சித்த நேரம் தனியா இருந்துட்டு வரேன்" என்றாள். கோபித்திருந்தால் தேவலை.

மார்ச் 29

எல்லா நடையும் படமாகப் பதிவாகியிருக்கிறது. வேறு ஒருவர் முதலிலிருந்து பார்த்துக் குறித்தால் போதும். ஆனால் ஆளுக்கு எங்கே போவது? சாப்பிட உட்கார்ந்தபோது மருமகள் திடீரென்று மனைவி பக்கம் திரும்பினாள்.

"அத்தை, நீங்க பாக்கறீங்களா?"

"நானா? அந்தச் சனியனுங்களப் பாத்தாலே எனக்குக் குமட்டும்."

"அதுக்குத்தான் உங்களக் கேக்கறேன்."

"எது எங்க போனா எனக்கென்ன? கோட்டைத் தாண்டிச்சா இல்லையா, அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்கா காய்ச்சல் வந்துச்சு உங்களுக்கு?"

ஏப்ரல் 8

மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டே வேகமாகக் குறிக்கிறாளாம். சந்தேகம் என்ற பேச்சே இல்லையாம். பொறாமையாக இருக்கிறது.

ஏப்ரல் 20

குறித்து முடிந்தது. மருமகள் எங்கள் இருவரையும் விளக்கறைக்குக் கூப்பிட்டாள். இருட்டு. சோதனை முடிந்ததும் குளிரில் உறையவைத்த ஈக்களை, எண் போட்ட குழாய்க்கு ஒன்றாக வரிசையாக அடுக்கியிருந்தாள். பச்சை விளக்கைப் போட்டாள்.

சில ஈக்கள் கங்கு போலச் சிவந்தன. அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, மனைவி எப்படிக் குறித்திருந்தாள் என்று நான் படித்தேன்; அந்த எண்ணின் படத்தையும் ஓட்டிப் பார்த்தோம். நேரே போனவைதான் சிவப்பு. நான் பாவம் பார்த்தவை இருட்டாகவே இருந்தன. முழுசானவை.

திரும்பப் பார்த்தோம். அதேதான். உடைந்தவை சூடும் ஈரமும் இருந்தால் போதும் என்று எந்தத் தட்டிலும் ஏறியிருக்கின்றன, அழுகியதா புதியதா என்ற கவலையே இல்லாமல். முழுசானவை நின்று, துடைத்து, திரும்பி வந்து, அநேகமாக எல்லாமே புதிய ரத்தத்தில்தான் இறங்கியிருக்கின்றன. நான் அவளுக்குக் கைகொடுத்ததாக நினைத்தேன். அவள் காலைத்தான் வாரியிருக்கிறேன்.

மருமகள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இது கண்டுபிடிக்கறதுக்கு இருக்கற மரபணு இல்ல மாமா" என்றாள் மெதுவாக. "வேண்டாம்னு சொல்றதுக்கு."

மனைவி, "பின்ன? பெத்துப் போடற எடம். நாலு தடவை யோசிக்காதா?" என்றாள்.

தவறான தட்டில் முட்டையிட்டால் பிள்ளைகள் பிழைக்குமோ என்னவோ. அது தெரிந்து நிற்கிறது, அந்தக் கடுகளவுத் தலை. தெரிந்து என்று எழுதலாமா? தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 24

புருவம் வந்து பதிவுகளை நின்றபடியே பார்த்தார். பிறகு நாற்காலி கேட்டார். உட்கார்ந்து இன்னும் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நடையை மொதல்ல கவனிச்சது நீங்களா?"

"தப்பாக் கவனிச்சேன் சார்."

"கவனிச்சீங்கல்ல" என்றார்.

ஈ அறை இன்னும் இரண்டு வருடத்துக்கு அவளுடையது.

மே 9

புதிய சோதனை ஆரம்பமாகிவிட்டது. இப்போது எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை முறை கொம்பைத் துடைத்தது என்பதையும் குறிக்க வேண்டும். அது மனைவியின் வேலை. திரை இருக்கும் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. நான் புழுக்களுக்குத் தீனி வைக்கிறேன். மிச்ச நேரத்தில் கூண்டருகே நிற்கிறேன். என்னிடம் யாரும் எண் கேட்பதில்லை. இன்று ஒரு பெண் ஈ வலையின் மேல் வந்து முன்னங்கால்களை உயர்த்தியது. முழங்கால் வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "அங்க போகாதடி... ஆங், அப்படி நில்லு. நல்லா யோசிச்சுக்கோ. ஒண்ணும் அவசரமில்ல."

மருமகள் கையில் குழாய்களோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, அத்தையும் போச்சு. அடுத்த மாசத்துக்கு வேற யாரையாவது பாக்கணும்."