மற்ற கையையும் ஒடிக்க வருகிற மகனுக்கு

கிள்ளான்

அன்பு மகன் சிவநேசனுக்கு அம்மா எழுதுவது. நீ பெர்த்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக வேலைக்குப் போய்வர வேண்டும். இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

தைப்பூசத்துக்கு வந்து விமலனுடைய மற்ற கையையும் ஒடிக்கிறேன் என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாய், உன் மகன் செய்தது என்ன என்று கேட்கவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவனுடைய யுனிவர்சிட்டி ஈமெயிலுக்குள் திருட்டுப் பயல்கள் புகுந்து அவன் பெயரிலேயே கூட்டாளிகளுக்கெல்லாம் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். விமலன்தானே அனுப்பினான் என்று நம்பி அமுக்கின கூட்டாளி குகனுக்குப் பேங்கில் இருந்த படிப்புக் காசு முழுக்கப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குகனுடைய அண்ணன் பக்கிரிசாமி இரும்புக் குழாயோடு வந்து கேட்டை உடைத்தான். நான் அனுப்பல அண்ணே, சத்தியமா என்று விமலன் கை கூப்பினான், கூப்பின கையிலேயே அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் சமையல்கட்டில் எனக்குக் கேட்டது. அடுத்த அடி காதில், சாமி மேடை வரைக்கும் ரத்தம். ஓடி வந்து குறுக்கே நின்ற என்னைப் பார்த்து, தள்ளு லா கெழவி, உனக்கும் விழும் என்றான். சமையல்கட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த, தேங்காய் வெட்டும் பாராங் கத்தியை அவன் கழுத்துக்கு நேரே நீட்டி, இன்னொரு அடி விழுந்தா உன் தலை இங்கதான் கிடக்கும்டா என்றேன். வெட்டியிருப்பேன் சிவா. குழாயைப் போட்டுவிட்டு ஓடினான். போலீசில் ரிப்போர்ட் கொடுத்தாச்சு. காதில் ஏழு தையல், கை மாவுக்கட்டில்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தைப்பூச வாரத்தில் பரீட்சை, காவடி எடுக்கிற மாணவர்கள் தேதி மாற்றிக்கொள்ளலாம் என்று யுனிவர்சிட்டியே அனுப்பினது மாதிரி முதலில் இவனுக்கு ஒரு மெயில் வந்தது, அதில்தான் மாட்டினான். பாஸ்வேர்டு கேக்குது பாட்டி, ஆபீஸ்ல விசாரிச்சுட்டு போடறேன் என்றான். நான்தான் விடவில்லை. போன வருஷம் சுரங்கத்தில் உன் கால் நசுங்கிக் கிடந்தபோது, பேரன் காவடி எடுப்பான் என்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டவள் நான். முருகன் காரியத்துக்கு ஆபீஸில் என்னடா விசாரணை, போடு என்று பக்கத்தில் நின்று போடவைத்தேன். என் பேரன் யுனிவர்சிட்டி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன், அந்தப் படித்த பிள்ளை சொன்னதை நான் கேட்கவில்லை. இத்தனை அடி வாங்கியும் பாட்டிதான் போடச் சொன்னாங்க என்று அவன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, போலீசிலும் சொல்லவில்லை. படிப்பை விடுகிறேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

உனக்கும் இப்படி லிங்க் வரும், அமுக்காதே. முருகன் உன் காலுக்குப் பலம் கொடுக்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். மறக்காமல் வந்து அவனுக்கு உன் கையால் சோறு ஊட்டு, அவனால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. அடித்துத்தான் ஆறும் என்றால் என்னை அடி. அவன் மேல் கை ஓங்கினாயானால், பாராங் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன்.

உன் அம்மா
வள்ளியம்மா