வெள்ளிக்கிழமை ரிப்பேர்

அப்பா,

லேப்டாப்பைத் தூக்கினால் அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் அழிரப்பர் தூள் உதிர்கிறது. நோட்டில் அழித்த தூள் என்றால் பள்ளிக்கூட வாசனை வரும். இது வேறு. சூடான பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாசம். சவூதியிலிருந்து லீவுக்கு வந்து நீங்கள் பெட்டியைத் திறக்கும்போது சோப்புக்கும் சென்ட் குப்பிக்கும் அடியிலிருந்து ஒரு மெக்கானிக் வாசம் எழுந்து வருமே, கிட்டத்தட்ட அதுதான். முகர்ந்து பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். நீங்கள் வாங்கிவந்த லேப்டாப் கெட்டுப்போனது. இந்தத் தடவை நிஜமாகவே.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பிரேம் போட அம்மாவுக்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் படத்தில் நீங்கள் யாரோ பிடித்துக் கொண்டுபோய் நிறுத்திவைத்த ஆள் மாதிரி இருக்கிறீர்கள். கடைசி லீவில் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்றபோது காற்று உங்கள் வேட்டியைத் தூக்க, அதை அமுக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தீர்களே, அந்தப் படம்தான் வேண்டும் என்றாள். எடுத்த போன் திற்பரப்பு அருவியில் குளித்து மோட்சத்துக்குப் போய்விட்டது. மிச்சம் லேப்டாப்பில் மட்டும்.

பட்டனை அமுக்கினேன். நீல விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ஓடியது. திரை மட்டும் கறுப்பு. மூச்சு இருக்கிறது, முகம் இல்லை. "மடிக்கணினின்னு பேரு வச்சவனுக்கு இது ஒருநாள் மடியும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை.

"ஏலே, ஒனக்குத் தெரியாததா? அப்பா அங்க இருந்து போன்ல சொல்லச் சொல்ல எத்தன தடவ சரியாக்கியிருக்க. அதே மாதிரி செய்யி" என்றாள்.

நீங்கள் போன பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அம்மா சொன்ன கதை அது. அழுது ஓய்ந்து கடுங்காப்பி குடிக்கிற நேரத்தில் ஆரம்பிப்பாள். "கண்ணால பாக்காம, போன்ல சத்தத்த மட்டும் கேட்டு, லேப்டாப்ப சரியாக்கிருவாவ. நான் வாசல் கேற்றத் தொறந்து உள்ள ஏறுவேன், அவிய முகம் அதுல வந்துரும்." வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். நான் பிறந்தபோது நீங்கள் ஊரில் இல்லை. தங்கச்சி சுபாவுக்குக் காது குத்தியபோதும் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டபோதும் இல்லை. அம்மாவிடம் இருக்கிற கதைகளில் நீங்கள் இந்த வீட்டுக்குள் இருந்து கையால் ஒரு வேலை செய்கிற கதை இது ஒன்றுதான்.

அதில் ஒரே ஒரு பிசகு. லேப்டாப் ஒருநாளும் கெட்டுப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிகிற நேரத்துக்கு வீடியோவில் வருவீர்கள். சாப்பிட்டியா மக்கா, என்ன கறி, பரீட்சை எப்போ, தங்கச்சிய அடிக்காத. மறுபடியும் சாப்பிட்டியா. எனக்கு அப்போது விளையாட்டுப் பித்து. திரையில் உங்கள் முகம் இருக்கிற நேரமெல்லாம் என் விளையாட்டு நிற்கிறதே என்று பொருமுவேன். முதலில் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பாதி திறந்து, கண்ணைச் சிமிட்டாமல், சிலை மாதிரி உட்கார்ந்துவிடுவேன். நெட் நின்றுவிட்டதாம். "மக்கா, கேக்கா? ஹலோ? அசையலியே" என்று நீங்கள் கத்திக் கத்தி வைத்துவிடுவீர்கள். மயிலாடியில் கல்கொத்துகிறவர்கள் கண்டால் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அப்படி ஒரு சிலை. ஒருநாள் நான் சிலையாக இருக்கும்போது சுபா என் பின்னால் முறுக்கு தின்றபடி குறுக்கே நடந்துபோனாள். "மக்கா, நீ நிக்க, அவ நடக்காளே?" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். திட்டக்கூட இல்லை.

அதோடு சிலை வியாபாரம் படுத்தது. அடுத்த வெள்ளியிலிருந்து லேப்டாப் 'கெட்டுப்போக' ஆரம்பித்தது.

வீடியோவில் நான் வராவிட்டால் வீட்டில் கிடக்கிற பட்டன் போனுக்கு அழைப்பீர்கள். "அப்பா, லேப்டாப் ஆன் ஆகல." அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

"பதறாத மக்கா. சார்ஜர உருவு. பேட்டரிய எடு. இனி பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டு முப்பது வர எண்ணு. பைய எண்ணணும், என்ன?"

நான் கட்டிலில் கவிழ்ந்து படுத்து, அதே லேப்டாப்பில் சத்தத்தை அணைத்துவிட்டு எவனையோ சுட்டுக்கொண்டே உரக்க எண்ணுவேன். "இருபத்தொன்பது, முப்பது. ஒண்ணும் வரல்லப்பா."

"பேன் சத்தமாவது கேக்கா?"

நாக்கை மடித்து போன் பக்கத்தில் 'டுர்ர்ர்' என்று ஒரு விசிறி ஓட்டுவேன். அதையும் கவனமாகக் கேட்பீர்கள். "செரி, உயிரு இருக்கு. உள்ள ராமுன்னு ஒரு துண்டு இருக்கும். அத வெளிய எடுத்து அழிரப்பர் வச்சுத் தேய்க்கணும்."

"எந்த ராமு? பால்காரரா?"

"போடே. செரி, இரு மக்கா. லைன்ல இரு. வச்சிராத."

அதற்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி வரும். உங்கள் பக்கம் தட்டு முட்டுச் சத்தம், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, முழிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த இடைவெளிதான் பிடிக்கும், தடையில்லாமல் விளையாடலாம். திரும்பி வந்து, "கரண்டு இல்லன்னு நல்லாப் பாத்துட்டு கை வை, என்ன?" என்று தொடங்குவீர்கள். "ராமு வெளிய வரமாட்டேங்காம்பா, வெக்கப்படுகான்" என்பேன். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்து, முந்திரி ஆலையிலிருந்து அம்மா வந்து கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டதும், "அப்பா! வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்துவேன். "கொள்ளாம் மக்கா!" என்று நீங்களும் கத்துவீர்கள். உங்கள் பின்னால் சிலர் கைதட்டுவது கேட்கும். அம்மா கைகூடக் கழுவாமல் ஓடிவந்து திரைமுன் உட்கார்வாள். முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்களை நீங்கள் பார்த்துவிடாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். அவளுக்கு மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் பாதி, நீங்கள் என்னைப் புகழ்வதில் போகும்.

அந்த வருஷங்களில் நான் இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

நான் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தவே, போன வாரம் அம்மா செல்வின் மாமாவைக் கூப்பிட்டாள். தம்மாமில் உங்கள் அறையில் பக்கத்துக் கட்டில்காரர், லேப்டாப் பழுதுபார்க்கிற கடையில் வேலை, களியக்காவிளை ஆள். லீவில் வந்திருந்தார். அம்மா அடுக்களையில் சாயா போட, அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

"நீ தன்னே செய் மோனே. அண்ணன் சொல்லித் தந்ததல்லா. கை மறந்திருக்காது."

கை எதையும் மறக்கவில்லை, அதற்கு ஒன்றும் தெரிந்திருந்தால்தானே மறக்க. தோன்றிய ஒரு ஸ்க்ரூவில் வைத்தேன். "அதில்ல" என்றார். அடுத்ததில் வைத்தேன். அவர் லேப்டாப்பை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். அடியில் ஒரு சின்ன மூடி. அதன் ஸ்க்ரூ மேல் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவினார்.

"இது கம்பெனி ஒட்டினது. இதக் கிழிக்காம மூடியத் தொறக்க ஒக்காது." குரல் இறங்கியது. "ராம் எடுத்துத் துடைச்சது எப்படி?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"தொறக்கவே இல்ல. இல்லியா?"

"இல்ல மாமா."

"அப்ப லேப்டாப்புக்கு என்ன கேடு?"

"ஒண்ணும் இல்ல."

செல்வின் மாமா அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"'இரு மக்கா'ன்னு சொல்லிட்டு அண்ணன் எங்க போவாருன்னு நினைச்ச? எனக்க கட்டிலுக்கு. எனக்க நல்ல லேப்டாப்பக் கவுத்துப் போட்டு, நான் சொல்லச் சொல்ல அவரு தன்னே கழற்றிப் பாப்பாரு. ஏசி மெக்கானிக் வேலையில கரண்டு அடிச்ச கையல்லா, அந்தப் பயம். 'பிள்ளைக்கு அடிக்குமா செல்வினே, எங்க தொட்டா அடிக்கும்'னு கேட்டுக் கேட்டு, அவருக்க விரல வச்சுப் பாத்த பெறவுதான் ஒன்கிட்ட சொல்லுவாரு. வெள்ளி ஒருநாள்தான் நாங்க சேந்து உக்காந்து திங்கது. நாங்க எல்லாம் தட்டு கழுவின பெறவு வந்து, ஆறின பிரியாணியத் திம்பாரு. தின்னுட்டு ஒரே பெருமைப் பறச்சில்தான். 'எனக்க மகன் ஒத்தைக்கு சரியாக்கிட்டான், நான் சும்மா சொல்ல மட்டும்தான் செஞ்சேன்'னு. நாங்களும் விவரம் கெட்டுக் கைதட்டுவோம்."

நான் வாயால் விசிறி ஓட்டிய நேரத்தில் நீங்கள் எனக்காக மின்சாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அப்பா.

செல்வின் மாமா அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தார். ராமை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். அரைச் சாண்கூட இல்லை, ஒரு ஓரத்தில் மஞ்சள் பற்கள். ரப்பர் காடுகளுக்கு நடுவில் இருக்கிற மாவட்டத்தில் ஒரு துண்டு ரப்பருக்கு சுபாவின் பென்சில் டப்பாவைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பற்களைத் தேய்த்தேன். திரும்பப் பொருத்தி அமுக்கினேன். 'டக்' என்றது. பட்டனை அமுக்கிப் பிடித்து எண்ணினேன், இந்தத் தடவை பைய. திரை வெளுத்தது.

அம்மா சாயாவோடு வந்து நின்றாள். "பாத்தியளா செல்வின்? அவிய சொல்லிக் குடுத்தது." செல்வின் மாமா பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் மட்டும், "அக்காட்ட நான் ஒண்ணும் பறையமாட்டேன். அது ஒனக்க காரியம்" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொன்னபடி செய்தேன், வேலையும் செய்தது. பொய்க்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது. ஆனால் அம்மா உடனே சித்திக்கு போன் போட்டாள். "செத்தும் சரியாக்கிட்டாவ பிள்ளே! இரு, இவன் வாயால கேளு" என்று போனை என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லு மக்களே, அப்பா என்னவெல்லாம் சொல்லிக் குடுத்தாவன்னு."

நான் போனை வாங்கி அணைத்தேன். பிறகு சொன்னேன். சிலை, விசிறி, கேற்றுச் சத்தம், செல்வின் மாமாவின் கட்டில், எல்லாம்.

அம்மா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்டாள். கத்தி நிற்கவில்லை. "ஒரு தடவையாவது நெசமாட்டு கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா."

"ஒருக்கக்கூட?"

"இல்ல."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து உங்களைப் பற்றிப் பேசினாள். அந்தக் கதைக்கு வழக்கமான இடம் வந்தது. அம்மா கடுங்காப்பியை ஊதிக்கொண்டே இருந்தாள். கதை வரவில்லை. உங்களை இந்த வீட்டிலிருந்து இரண்டாம் முறை வெளியே அனுப்பியவன் நான் என்று தோன்றியது. சுபாகூட என் பகடிக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கும் பகடி வரவில்லை.

நேற்று உங்கள் முதலாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பிரேமுக்குள் நீங்கள் வேட்டியை அமுக்கிக்கொண்டு சிரிக்கிறீர்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சித்தி கேட்டாள், "அக்கா, அந்த லேப்டாப் கதையச் சொல்லேன், இவியளுக்குத் தெரியாது." நான் எழுந்தேன்.

"இரிலே அங்க" என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இருந்தேன்.

"அது கெட்டே போகல்ல கேட்டியளா. இந்தச் சவம் அம்புட்டும் பொய்யி பறஞ்சிருக்கு. விளையாடணும்னு. அந்த மனுசன் அதையும் நம்பி, பக்கத்துக் கட்டில்காரருக்க நல்லா இருந்த லேப்டாப்பப் பிரிச்சுப் போட்டு, பிள்ளைக்குக் கரண்டு அடிக்குமான்னு தனக்க விரல விட்டுப் பாத்துட்டு..." மூக்கை உறிஞ்சினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள். "கெட்டுப்போன சாதனத்த யாரு வேணா சரியாக்கலாம். கெட்டுப்போகாத சாதனத்த வெள்ளிக்கு வெள்ளி சோறு திங்காம சரியாக்கினது இவிய ஒராளுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே "எரப்பாளி" என்று ஏசினார். காது வரை எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

இன்று காலையில் பால்காரரிடமும் சொன்னாள். அவர் போன பிறகு தபால் கொடுக்க வந்தவரிடம். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைக்கிறாள். அந்தக் கதையில் இப்போது நீங்கள் முன்பைவிட நன்றாக இருக்கிறீர்கள், அப்பா. நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே இருக்கிறேன். இனி இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள், என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்காரர்கள் வந்தாலும்கூட. கேற்றில் சத்தம் கேட்கிறது. யாரோ வருகிறார்கள். அம்மா கூப்பிடுவதற்கு முன்னால் நானே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.