பையில் கட்டிய பங்கு

ஆனி, சனிக்கிழமை

இன்று எங்கள் காய்கறியைக் கூறு போடாமல், முன்கூட்டியே பைகளில் கட்டிப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். இது அநியாயம்.

இந்த வெயிலில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து, லயத்து வரிசை வீடுகளின் பன்னிரண்டு குடும்பங்களும் சேர்ந்து வளர்த்த காய் அது. சனிக்கிழமைதோறும் சாக்கை விரித்து, ஒருவர் கூறு பிரிப்பார். இன்னொருவர் முதுகைத் திருப்பி நின்று கூறுக்கு ஒரு பெயர் சொல்வார். எது யாருக்குப் போகும் என்று பிரித்தவருக்கே தெரியாது.

என் பையில் முற்றி நாரோடிய போஞ்சிக் காயும் வெடித்த தக்காளியும் இருந்தன. காய்கறிக் குழுச் செயலாளர் சிவாவின் அக்கா பையில் எல்லாம் பிஞ்சு.

"நேரம் மிச்சம் பெரியம்மா. எல்லாம் ஒரே எடதான்" என்றான் சிவா.

"அப்ப ஒங்கக்கா பைய எனக்குக் குடு. எம் பைய அவ எடுத்துக்கட்டும்."

"பல்லு போனாலும் ஒங்களுக்கு வாய் கொறையல."

"பல்லு போனவளுக்குத்தான் முத்துன போஞ்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இரவுச் சோற்றுக்குத் தேங்காய்ச் சம்பல்தான். வாரம் முழுவதும் அதுவே என்றாலும் அந்தப் பையைத் தொடமாட்டேன்.

வரும் சனிக்கிழமை சிவா எல்லார் முன்னாலும் சாக்கை விரிக்க வேண்டும். அவனே கூறு பிரிக்கட்டும். இன்று வாயை மூடி நின்ற பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி திரும்பி நின்று பெயர் சொல்ல வேண்டும். நாளைக் காலை பீலிக்கு முதல் ஆளாக நான் போக வேண்டும். தண்ணீர் சுமக்காதவளுக்குப் பங்கு எதற்கு என்று கேட்க அவனுக்கு இடம் கொடுக்க மாட்டேன்.