வாக்கெடுப்பு மணி

ஒட்டாவா, வியாழன்

அன்புள்ள மார்லிஸ்,

அங்கே அறுவடை முடிந்ததா? முதல் பனி விழுந்துவிட்டதா? இதையெல்லாம் கேட்கத்தான் எழுதுவதாக நினைத்து உட்கார்ந்தேன்.

இன்று, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானம் எங்கள் செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. உறுப்பினர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் மணி அடிப்பார்கள். நான் அந்த நேரம் முழுக்கக் கோட்டு மாட்டும் அறையில் இருந்தேன்.

காவலர் எட்டிப் பார்த்தார். "வாங்க சார், இன்னும் ரெண்டு நிமிஷந்தான் இருக்கு."

"தலைவலிப்பா," என்றேன். தலை வலிக்கவில்லை.

நீ செனட்டுக்குப் போட்டியிட்டபோது, ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க உன் பிரசார வண்டியை ஓட்டியவன் நான். மூன்று லட்சம் பேர் உனக்கு வாக்களித்தார்கள்; ஆனால் அந்த வாக்கு பிரதமரைக் கட்டுப்படுத்தாதே, அவரோ என்னை செனட்டராக நியமித்தார். நீ கோபப்படவே இல்லை.

"போடா, நீ உள்ள போய்க் கதவைத் திறந்துவிடு. நான் பின்னாலயே வர்றேன்" என்று சிரித்தாய்.

மணி நின்றதும் சபைக் கதவைச் சாத்தினார்கள். ஆதரவு முப்பத்தெட்டு, எதிர்ப்பு முப்பத்தெட்டு. சமமானால் தீர்மானம் தோற்றது என்பது இங்கே விதி.

எழுபத்தைந்து வயதுவரை நாற்காலி எனக்குத்தான், மார்லிஸ். இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் பழைய டிரைவர்